இங்கிலாந்து டெஸ்ட் மேட்ச் பேக்கேஜ்னு 2,85,000 ரூபாய் வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, டெல்டா மக்களே உஷார்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இருக்கற கிரிக்கெட் பிடிச்ச எல்லாரும் தயவு செஞ்சு இதை முழுசா படிங்க. இந்தியா டீம் வெளிநாட்டுல ஆடுற டெஸ்ட் மேட்ச்சுக்கு கூட்டிட்டு போறோம், மேட்ச் டிக்கெட், ஃபிளைட், விசா, ரூம், சாப்பாடு எல்லாம் ஒரே பேக்கேஜ்னு சொல்லி, நம்ம டெல்டாவுல ஒரு டவுன்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடில ஆபீஸ் வச்சிருக்கற டிராவல்ஸ் ஒண்ணு எங்க வீட்டுப் பணம் 2,85,000 ரூபாயை முழுங்கிடுச்சு. பேரை இப்ப போடாதீங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு, கேஸ் போடப் போறோம், அதனால பேரும் இல்ல ஊரும் இல்ல. ஆனா நடந்தது எல்லாத்தையும் சொல்றேன், நீங்க என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதறேன்.

இந்த டூர் எனக்காக இல்ல, அப்பாவுக்காக. ரிட்டையர் ஆன வாத்தியார், 68 வயசு. 1971ல வடேகர் கேப்டனா இருந்த நம்ம டீம் இங்கிலாந்துல முதல் தடவை ஜெயிச்ச அந்த லண்டன் ஓவல் கிரவுண்டு டெஸ்ட், சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101க்கு சுருட்டுனாரே, அப்ப இவரு ஸ்கூல் பையன். டீக்கடை ரேடியோல ஸ்கோர் கேட்டு கேட்டு ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதி வச்சவரு, அந்த நோட்டு இன்னும் பீரோல இருக்கு. 1979ல நம்ம வெங்கட்ராகவன் கேப்டனா போன டூர், அதே ஓவல்ல கவாஸ்கர் 221 அடிச்சு, 438 வேணும்னு இருக்கறப்ப 429ல டிரா ஆச்சு, வெறும் 9 ரன்னு. அதைப் பத்தி அவரு பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும். அந்த கிரவுண்டை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு எத்தனையோ வருஷமா சொல்லிட்டு இருந்தாரு, இந்த 2025 டூர்ல கடைசி டெஸ்ட் ஓவல்லன்னு வந்ததும் நானும் தங்கச்சி வீட்டுக்காரரும் சேர்ந்து அனுப்பி வச்சிடணும்னு முடிவு பண்ணோம்.

பங்குனில அந்த ஆபீஸுக்கு அப்பாவையும் கூட்டிட்டு போனேன். ஓனர் எங்களை உக்கார வச்ச விதத்தை சொல்லணும், ஏன்னா அடுத்து போறவங்களுக்கும் இதேதான் நடக்கும். செவுத்துல மெல்போர்ன்ல எடுத்ததுன்னு ஒரு குரூப் போட்டோ, பாக்ஸிங் டே டெஸ்ட்டுக்கு நம்ம ஆளுங்களை கூட்டிட்டு போனதாம். "ஐயா நானும் வாத்தியார் புள்ளதான்யா"ன்னு ஆரம்பிச்சாரு. அப்பா அந்த பழைய நோட்டை பைல வச்சு எடுத்துட்டு வந்திருக்காரு, எனக்கே தெரியாது, அதை எடுத்து டேபிள்ல வச்சாரு. அந்த ஆளு அதை பக்கம் பக்கமா திருப்பி, சந்திரா பேருக்கு நேரா விரலை வச்சு "இதை ஓவல் மியூசியத்துல வைக்கணும்யா"ன்னு சொல்றாரு. வெங்கட் பௌலிங்கைப் பத்தி ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசுனாங்க. அப்பா முகத்தை நான் அப்படி பாத்ததே இல்லை. நாலாவது நாள், அஞ்சாவது நாள் டிக்கெட்தான் இருக்குன்னதும் அப்பா "டெஸ்ட்டுனா அஞ்சாவது நாள்தான் தம்பி"ன்னு சிரிச்சாரு. அங்கயே 1,50,000 போனு மூலமா அனுப்புனேன். கம்பெனி அக்கவுண்ட் ஏதோ ஆடிட்ல இருக்குன்னு சொல்லி வேற ஒருத்தர் பேருல இருக்கற அக்கவுண்ட் குடுத்தாரு. அப்பாவோட ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் விசா வேலைக்குன்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. தாளடி நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த காசு அது.

வைகாசில மறுபடியும் போனு. கோலியும் ரோஹித்தும் டெஸ்ட்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டாங்க, கில் கேப்டன், இப்ப விலை குறைஞ்சிருக்கு, இன்னைக்கே 1,35,000 கட்டுனா ஓவலுக்கு நடந்து போற தூரத்துல ரூம், நாளைக்குன்னா கிடைக்காதுன்னாரு. அம்மா நகையை கூட்டுறவு சங்கத்துல வச்சு கேஷா குடுத்தோம். ஒரு வெள்ளை பேப்பர்ல கையெழுத்து போட்டு குடுத்தாரு, ஜிஎஸ்டி நம்பர் கேட்டதுக்கு ஃபைனல் பில்லுல வரும்னாரு. மொத்தம் 2,85,000. ரெண்டு நாள் கழிச்சு டிக்கெட்டுனு ஒரு பிடிஎஃப் வந்துச்சு, பிளாக், வரிசை, சீட் நம்பர் எல்லாம் போட்டு. அப்பா அதை பிரிண்ட் எடுத்து அந்த நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு.

அதுக்கு அப்புறம் ஆரம்பிச்சது இழுத்தடிப்பு. விசாவுக்கு சென்னைல சென்டருக்கு நேர்ல போய் கைரேகை குடுக்கணும், அது முடிஞ்ச பிறகே சாதாரணமா மூணு வாரம் ஆகும், இது எங்களுக்கு தெரியும். ஜூன் 20 லீட்ஸ்ல முதல் டெஸ்ட் ஆரம்பிச்சாச்சு, இன்னும் அப்பாயின்ட்மென்ட் இல்ல. கேட்டா "முதல் டெஸ்ட்டுக்கு போற கூட்டம் முடியட்டும் சார்". எட்ஜ்பாஸ்டன்ல கில் 269, 161னு அடிச்சு 336 ரன்ல ஜெயிச்சோம், ஊரே கொண்டாடுச்சு, அன்னைக்கு கேட்டா "ஜெயிச்சதால ரஷ் ஆயிடுச்சு சார்". லார்ட்ஸ்ல வாஷிங்டன் சுந்தர் 22 ரன்னுக்கு 4 எடுத்தும், ஜடேஜா கடைசி வரைக்கும் அவுட் ஆகாம நின்னும், 22 ரன்ல தோத்தோம், அப்ப கேட்டா "தோத்ததால நிறைய பேரு கேன்சல் பண்றாங்க, இப்ப ஈஸியா கிடைச்சிடும் சார்". ஜெயிச்சாலும் ஒரு காரணம், தோத்தாலும் ஒரு காரணம். நம்ம டீம் அங்க உயிரைக் குடுத்து ஆடுது, இவன் அந்த ஸ்கோரை வச்சு எங்க தலைல மிளகா அரைக்கறான்.

லண்டன்ல ஐடில இருக்கற எங்க அத்தான்கிட்ட அந்த பிடிஎஃப்பை அனுப்புனேன். அவரு ஓவல் டிக்கெட் ஆபீஸ்ல விசாரிச்சாரு, அந்த ரெஃபரன்ஸ் நம்பர்ல புக்கிங்கே இல்லைன்னுட்டாங்க. ஓவல் டிக்கெட்டை அங்க இருக்கற சர்ரே கிளப்பே நேரா ஆன்லைன்ல விக்குதாம், நம்ம கார்டுலயே போட்டிருக்கலாம்.

மான்செஸ்டர் டெஸ்ட் கடைசி நாள், ஜடேஜாவும் நம்ம வாஷிங்டனும் ஆளுக்கு ஒரு செஞ்சுரி அடிச்சு மேட்ச்சை காப்பாத்துனாங்களே, மறுநாள் காலைல நேர்லயே போய் நின்னேன். ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு "சார் திருச்சி போயிருக்காரு"ங்குது, உள்ள அவரு சத்தம் கேக்குது. கதவைத் தள்ளிட்டு போனதும் ஒரு வெக்கம் இல்லாம சொல்றாரு, "விசா வரலைனா நாங்க பொறுப்பு இல்ல தம்பி, ரீஃபண்ட் பாலிசி கிடையாது, வேணும்னா செப்டம்பர்ல துபாய்ல ஆசியா கப்பு இருக்கு, அதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". விசாவுக்கு அப்ளையே பண்ணலையே, அப்புறம் எங்கேர்ந்து வரும்? எங்க அப்பா டி20 டிவில போட்டாலே எழுந்து போயிடுவாரு, அவருக்கு ஆசியா கப்பு. பாஸ்போர்ட்டை கேட்டா சர்வீஸ் சார்ஜ் 10,000 கட்டுங்கன்னாரு. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தோட சொத்து, அதுலயே அச்சடிச்சிருக்கு, அதைப் பிடிச்சு வைக்க இவன் யாரு? வக்கீல் போன்ல பேசுன பிறகுதான் அதை தூக்கிப் போட்டான்.

ஸ்டேஷன்ல குடுத்தா சிவில் மேட்டருங்கறாங்க, சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி அந்த அக்கவுண்ட் விவரம் எல்லாம் பதிஞ்சிருக்கோம். நுகர்வோர் கோர்ட்டுல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, அங்கதான் போடப் போறோம்.

நேத்து ஓவல் அஞ்சாவது நாள். 35 ரன் வேணும், கையில 4 விக்கெட்னு இங்கிலாந்து ஆரம்பிச்சு, தோள் இறங்கின வோக்ஸ் ஒரு கைய ஸ்வெட்டருக்குள்ள கட்டிட்டு இறங்கி வந்து, சிராஜ் அட்கின்சன் ஸ்டம்ப்பை சாய்ச்சு 6 ரன்ல ஜெயிச்சோம், டெஸ்ட்ல நம்ம இவ்வளவு குறைஞ்ச ரன்ல ஜெயிச்சதே கிடையாது, சீரிஸ் 2-2. அப்பா அந்த கிரவுண்டுல உக்காந்திருக்க வேண்டிய நாள் இது. வீட்டுல டிவி முன்னாடி உக்காந்து கைதட்டிட்டு, "54 வருஷம் கழிச்சு அதே ஓவல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. 2,85,000 ரூபாய், மேட்டூர் தொறந்து குறுவை நட்டிருக்கற நேரம், உரத்துக்கு கடன் வாங்கிட்டு இருக்கோம், சங்கத்துல நகைக்கு வட்டி ஓடுது.

விவரமா எழுதணும்னுதான் நெனச்சேன், இப்ப கை ஓடல, முக்கியமானது மட்டும். தனி ஆள் பேருல இருக்கற அக்கவுண்டுக்கு பணம் அனுப்பாதீங்க. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கறவங்க பான் நம்பர் வாங்கி டிசிஎஸ்னு ஒரு வரியை (2025ல 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம்) நம்மகிட்ட பிடிக்கணும்னு ஆடிட்டர் சொல்றாரு, அந்தப் பேச்சே எடுக்கலைனா எழுந்து வந்துடுங்க. விசா அப்ளிகேஷன் நம்மளே போடலாம், 2025ல ஃபீஸ் 127 பவுண்டு. டிக்கெட்டுனு பிடிஎஃப் குடுத்தா அன்னைக்கே கிரவுண்டுக்கு மெயில் போட்டு கேளுங்க. அடுத்து அதே ஆபீஸ்ல வேற டூருக்கு போர்டு வச்சிருக்காங்கன்னு இன்னைக்கு காலைல ஒருத்தர் போட்டோ அனுப்புனாரு.

இதே மாதிரி மெல்போர்ன் போட்டோவைக் காட்டி உங்ககிட்டயும் யாராவது பணம் வாங்கியிருந்தா, கையெழுத்து போட்ட பேப்பர், அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிக்காம எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க. திங்கக்கிழமை எஸ்பி ஆபீஸ்ல மனு குடுக்கறோம், நாலு பேரா சேர்ந்து போனா சிவில் மேட்டருன்னு சொல்ல முடியாது.