வில்சனா, ஹியூஸா? 1916இல் அமெரிக்கா தடுமாறிய கதை

முதல் உலகப் போரில் ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்த 1916 நவம்பரில் அமெரிக்க வாக்காளர் முன் நின்றவர்கள் இருவர். ஒருவர் பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வுட்ரோ வில்சன். மற்றவர், அவரை எதிர்ப்பதற்காக உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியையே உதறிவிட்டு வந்த குடியரசுக் கட்சியின் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ்.

போர் விஷயத்தில் இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால் கைக்குப் பெரிதாக எதுவும் அகப்படாது. ஆனால் வில்சனிடம் காட்டுவதற்குச் சரக்கு இருந்தது. 1915இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிடானியா பயணிகள் கப்பலோடு 128 அமெரிக்கர் மடிந்தபோதும் அவர் போருக்குப் போகவில்லை. 1916இல் சஸ்ஸெக்ஸ் கப்பல் தாக்கப்பட்ட பிறகு, எச்சரிக்காமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று ஜெர்மனியிடம் வாக்குறுதியும் வாங்கினார். 'போரில் சிக்காமல் நம்மைக் காத்தார்' என்று கட்சிக்காரர்கள் முழங்கினார்கள். காத்தார்தான், காப்பார் அல்ல! 1917 ஏப்ரல் 6 அன்று அதே வில்சன் ஆட்சியில் அமெரிக்கா போரில் இறங்கியது.

ஹியூஸுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஜெர்மன் வம்சாவளியினரின் ஓட்டும் வேண்டும். ஜெர்மனியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவும் வேண்டும். எதையும் பட்டென்று சொல்ல முடியாமல் தவித்தவரை, 'எவன்ஸ்' என்ற பெயரைத் திரித்து, மழுப்புகிறவர் என்ற பொருளில் 'எவேசிவ்' ஹியூஸ் என்று கேலி செய்தார்கள்.

பெண்கள் வாக்குரிமையில் மட்டும் என் மதிப்பெண் ஹியூஸுக்குத்தான். நாடு முழுமைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்றார் அவர். மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் வில்சன். இருந்தும், பெண்கள் வாக்களித்த 12 மாநிலங்களில் 10 வில்சன் பக்கம் போயின. ரயில்வே தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் கொண்டுவந்ததும் வில்சனுக்குக் கைகொடுத்தது.

ஆனாலும் ஹியூஸைக் கவிழ்த்தது கொள்கை அல்ல, ஒரு ஹோட்டல் என்றே சொல்வேன். ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அவர் தங்கிய அதே ஹோட்டலில் ஆளுநர் ஹைரம் ஜான்சனும் இருந்தார். இவரும் குடியரசுக் கட்சிக்காரர், அங்கே செல்வாக்குள்ள ஆள். ஹியூஸ் அவரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். ஜான்சன் இருந்ததே தெரியாது என்று பிற்பாடு சொன்னார். யார் நம்புவது?

நவம்பரில் ஜான்சன் செனட் தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். அதே மாநிலத்தில் ஹியூஸ் 4,000க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாக ஒதுக்கப்படும் தேர்வாளர் வாக்குகள். நாடளவில் அவை: வில்சன் 277, ஹியூஸ் 254. கலிபோர்னியாவின் 13 தேர்வாளர் வாக்குகள் மாறியிருந்தால் ஹியூஸ் 267, வில்சன் 264.