வேறு நிறுவன ரேம்: மடிக்கணினியில் நான்கு ஆண்டு அனுபவம்

8 ஜிபி ரேமுடன் வந்த மடிக்கணினி என்னுடையது. உலாவியில் பத்துப் பக்கங்கள் திறந்தாலே திணறும். கணினி நிறுவனத்தின் சொந்த ரேமுக்கு விலை மிக அதிகம். அதனால் வேறு நிறுவனத்தின் 8 ஜிபி ரேம் ஒன்றை வாங்கினேன். “மதர்போர்டு எரிந்துவிடும்” என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். மூடியைத் திறந்து பார்த்தால், ‘ஒரிஜினல்’ ரேமின் மேலேயே எஸ்கே ஹைனிக்ஸ் என்றுதான் அச்சிட்டிருந்தது! சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றும்தான் உலகின் பெரும்பாலான ரேம் சிப்புகளைச் செய்கின்றன.

பெயரைவிட வகைதான் முக்கியம். மடிக்கணினி ரேமில் டிடிஆர்4 வகைக்கு 260 முனைகள், அதற்கு முந்தைய டிடிஆர்3 வகைக்கு 204. மாற்றிச் செருகவே முடியாது. டிடிஆர்3 காலத்துக் கணினி என்றால் மட்டும் கவனம் தேவை: 1.5 வோல்ட், 1.35 வோல்ட் இரண்டும் ஒரே துளையில் பொருந்தும், ஆனால் 1.35 மட்டுமே ஏற்கும் கணினி மற்றதைப் போட்டால் கிளம்பாது. என் பழைய ரேமின் வேகம் 2666, புதியது 3200. இரண்டும் 2666-இல் ஓடுகின்றன. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு வடிவில் வந்தது. மூன்றாம் வாரத்தில் சுருக்கிய கோப்புகள் விரிய மறுத்தன. நீலத்திரை எட்டிப் பார்த்தது. விண்டோஸைத் திட்டிக்கொண்டே மறுபடி நிறுவி ஒரு நாளைத் தொலைத்தேன். பிறகுதான் ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86+ சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் புதியதுதான் பழுது. உத்தரவாதத்தில் மாற்றித் தந்துவிட்டார்கள். அந்த மாற்று ரேம் நான்கு ஆண்டுகளாக ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது.

ஆனால் அந்த மூன்று வாரங்களில் நகலெடுத்த படங்களில் சில பாதி சாம்பல் நிறமாகிவிட்டன. சாதாரண மடிக்கணினி ரேமில் பிழை திருத்தும் வசதி இல்லை. தவறான பிட் சத்தமில்லாமல் வட்டில் போய் உட்கார்ந்துவிடும். காப்புப் பிரதியிலும் கெட்ட படமே சேர்ந்திருந்தது. முதல் நாளே அந்தச் சோதனையை ஓட்டியிருந்தால் ஓர் இரவுதான் செலவு.

சென்ற மாதம் தங்கையின் மடிக்கணினிக்கும் ரேம் கூட்டலாமென்று பத்துத் திருகுகளைக் கழற்றினேன். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. மாதிரி எண்ணை முன்பே தேடியிருக்கலாம். பத்தையும் திரும்ப மாட்டினேன்.