ஆட்டம் ஏழு மணிக்கு: ஒட்டாவா ஹாக்கி அரங்கத்தின் இரண்டு மனைகள்

கனடியன் டயர் சென்டருக்குள் நுழைந்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி அரங்கம் இது. 1996 ஜனவரியில் திறந்தது. ஹாக்கியை மனத்தில் வைத்தே வரைந்த கட்டடம் என்பதால் 200 அடிக்கு 85 அடி பனித்தளம் சரியாக நடுவில் இருக்கிறது. மேல் அடுக்கில் உட்கார்ந்தாலும் இரண்டு கோல்களும் தெரியும், ‘பக்’ என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை எங்கே போகிறது என்று கண் தொடர முடியும். உள்ளே இருக்கும் வரை 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம்.

அரங்கம் நிற்கிற இடத்துக்கு 2-க்கு மேல் கொடுக்க முடியவில்லை. அணி ஏன் இதைவிட்டு நகர நடுவிலுள்ள லெப்ரெட்டன் ஃப்ளாட்ஸுக்குப் போக முயல்கிறது, அந்த மனை உண்மையிலேயே மேலா என்பதைத்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

அரங்கம் இருப்பது கனாட்டாவில், நாடாளுமன்றக் குன்றிலிருந்து மேற்கே சுமார் 25 கி.மீ. அணியை நிறுவிய புரூஸ் ஃபயர்ஸ்டோனின் டெரஸ் நிறுவனம் அங்கே விளைநிலத்தை வாங்கியபோது, அரங்கத்தைச் சுற்றி ஒரு சிறு நகரமே எழும் என்பது கணக்கு. விடுதி, அலுவலகம், வீடுகள் எல்லாம் வந்தால் நிலத்தின் விலை ஏறும், அதில் அரங்கத்தின் கடன் அடையும். 1991-ல், நிலப் பயன்பாட்டு வழக்குகளைத் தீர்க்கும் ஒன்டாரியோ நகராட்சி வாரியம் அரங்கத்துக்கு அனுமதி தந்தது; ஆனால் அந்தக் கணக்கின் அடிக்கல்லை உருவிவிட்டுத் தந்தது. 22,500 இருக்கைகள் 18,500 ஆகக் குறைந்தன. சுற்றியுள்ள நிலத்தில் கட்டடம் எழுப்பத் தடை வந்தது. நெடுஞ்சாலை 417-லிருந்து இறங்கும் மேம்பாலச் சந்திப்பின் செலவும் அணியின் தலையில் விழுந்தது.

ஆக, நகரம் வராமல் அரங்கம் மட்டும் வந்தது. 417-க்கு அந்தப் பக்கம் டேங்கர் அவுட்லெட்ஸ் கடைத்தொகுதி வந்ததே 2014-ல்தான், பதினெட்டு ஆண்டுகள் கழித்து. மலிவான நிலம் என்று வாங்கும்போது, சாலை போடுகிறவர் யார் என்ற கேள்விக்குக் கையெழுத்தோடு பதில் வாங்காமல் மேலே போகக் கூடாது. 2003 ஜனவரியில் அணி திவால் பாதுகாப்புக்குப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அரங்கத்தின் கடன் சுமை அவற்றில் முக்கியமானது.

பார்வையாளர் பக்கத்துக்கு வருவோம். வாரநாள் ஆட்டம் பெரும்பாலும் மாலை 7 மணிக்கு. நகர நடுவில் அரசு அலுவலகங்கள் விடுவது 4-லிருந்து 5. கனாட்டாவிலும் ஸ்டிட்ஸ்வில்லிலும் வீடு உள்ளவர்கள் திரும்புவதும் இதே 417-ல், இதே மேற்குத் திசையில், இதே நேரத்தில். கிழக்குப் புறநகரான ஆர்லியன்ஸிலிருந்து வருகிறவர் நகரம் முழுவதையும் கடந்து 40 கி.மீ. அளவு ஓட்ட வேண்டும். சீசனுக்கு 41 உள்ளூர் ஆட்டங்கள்; எல்லாவற்றுக்கும் போய்த் திரும்பினால் 3,280 கி.மீ. அதே ஆள் லெப்ரெட்டன் வரை மட்டும் வந்தால் அதில் பாதிகூட ஆகாது. ஆற்றுக்கு அக்கரையில் கட்டினோவில் இருக்கும் பிரெஞ்சு மொழி ரசிகர்களுக்கு முதலில் பாலத்து நெரிசல், பிறகு 417-ன் நெரிசல். மாண்ட்ரியல் அணிமீது பரம்பரைப் பாசம் உள்ள ஊரில், இவர்களை இவ்வளவு தூரம் இழுத்தடிப்பது அணி தனக்குத்தானே செய்துகொண்ட தீங்கு.

இப்போதைக்கு ஆட்டம் அங்கேதான். எனவே போகிறவர்களுக்குச் சில வழிகள். 417-ல் பல்லேடியம் டிரைவ் வெளிவழி எண் 142. வாரநாளில் ஐந்து மணிக்குப் பிறகு நகர நடுவிலிருந்து கிளம்புவதைத் தவிருங்கள். முன்பே போய் டேங்கர் பக்கம் சாப்பிட்டுவிட்டு உள்ளே நுழைவதே நிம்மதி. வண்டி நிறுத்தும்போது, வரும் வசதியைவிடத் திரும்பும் வசதியைப் பாருங்கள். வாசலுக்கு மிக அருகில் நிறுத்தியவர்கள் கடைசியாக வெளியேறுவது வழக்கம். கிழக்கே திரும்புகிறவர்கள் எல்லாரும் பல்லேடியம் ஏற்றத்தையே பிடிக்கப் பார்ப்பதால், தெற்கே மேப்பிள் குரோவ் சாலை வழியாக டெர்ரி ஃபாக்ஸ் டிரைவுக்குப் போய் அங்கே 417-ல் ஏறினால் பல நாள் நேரம் மிஞ்சும்.

ஸ்கார்பரோவிலிருந்து வரும் நம்மவர்கள் வழக்கமாக 401, 416 என்று சுற்றி நகரத்துப் பக்கமிருந்து வருகிறார்கள். பீட்டர்பரோ வழியாக நெடுஞ்சாலை 7-ஐப் பிடித்தால் அரங்கத்துக்கு மேற்கே 417-ல் சேர்ந்து, மாலைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வந்து இறங்கலாம். ஆனால் பெரும்பகுதி இருவழிச் சாலை. பனி கொட்டும் இரவில் திரும்புவதற்கு அது ஏற்றதல்ல. கார் இல்லாதவர்களுக்கு நகரப் போக்குவரத்து நிறுவனமான ஓ.சி. டிரான்ஸ்போவின் ஆட்டநாள் பேருந்துகள் உண்டு. பிரச்சினை என்னவென்றால், அந்தப் பேருந்தும் நெரிசலில் நிற்பது அதே 417-ல்தான். நகர ரயில் கட்டுமானத்தின் இரண்டாம் கட்டமும் மேற்கே ‘மூடி’ (Moodie) என்ற நிலையத்தோடு நின்றுவிடுகிறது, கனாட்டா எட்டவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். கனாட்டா அரங்கம் திறந்து இரண்டே மாதத்தில், 1996 மார்ச்சில், மாண்ட்ரியலில் இன்றைய பெல் சென்டர் திறந்தது. ஏறக்குறைய 21,000 இருக்கைகள், நகரத்தின் நட்ட நடுவில். லூசியன்-லாலியே, போனவென்ச்சூர் என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் பக்கத்தில். குளிரில் கால் வைக்காமலே பெரும்பாலானோர் உள்ளே வந்துவிடலாம். அதற்கும் ஒரு விலை இருந்தது: பழைய விண்ட்சர் நிலையத்துக்குப் போன தண்டவாளங்கள் அரங்கத்தால் துண்டிக்கப்பட்டன, புறநகர் ரயில்கள் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. இருந்தும், ஒரே ஆண்டில் திறந்த இரண்டு அரங்கங்களில் ஒன்று இடம் மாறத் துடிப்பதும் மற்றது நிலைத்து நிற்பதும் கட்டடத்தின் தரத்தால் அல்ல.

இனி லெப்ரெட்டன். நாடாளுமன்றத்திலிருந்து நடந்தே போகலாம். இத்தனை நல்ல மனை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அங்கே ஒரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. 1962-ல் கூட்டாட்சி அரசு அதைக் கையகப்படுத்தி ஏறக்குறைய 2,800 பேரை வெளியேற்றி, எல்லாவற்றையும் இடித்தது. அரசு அலுவலகங்கள் வரும் என்றார்கள், வரவில்லை. 2005-ல் போர் அருங்காட்சியகம் வந்தது, பிறகு சில குடியிருப்புக் கட்டடங்கள். மிச்சம் பெரும்பாலும் புல்வெளி. அந்தக் குடும்பங்களை நினைத்தால், இந்த மண்ணில் எது கட்டினாலும் நன்றாகக் கட்ட வேண்டிய கடமை இருக்கிறது.

மண்தான் முதல் சிக்கல். பழைய தொழிற்சாலைகளும் ரயில் முற்றமும் இருந்த இடம் என்பதால் நிலம் மாசுபட்டிருக்கிறது. வெறும் நிலத்துக்கு அதைச் சரிசெய்யும் செலவு ஒரு எண். அரங்கத்துக்கு வேறு எண். நகர அரங்கங்களில் பனித்தளத்தைத் தெருமட்டத்துக்குக் கீழே இறக்குவது வழக்கம். அப்படிச் செய்தால் மக்கள் தெருவிலிருந்து நேராக நடு அடுக்குக்குள் நுழைவார்கள், பாதிப் பேர் மேலே ஏறவும் பாதிப் பேர் கீழே இறங்கவும் கூட்டம் சீக்கிரம் பிரியும். ஆனால் ஆழமாகத் தோண்டுகிற ஒவ்வொரு கன மீட்டரும் மாசுபட்ட மண். பரிசோதித்து, லாரியில் ஏற்றி, உரிமம் பெற்ற குப்பைமேட்டில் கட்டணம் கொடுத்துக் கொட்ட வேண்டும். பக்கத்திலேயே ஒட்டாவா ஆறு, குறுக்கே 19-ஆம் நூற்றாண்டு நீர்க்கால்வாய். நிலத்தடி நீரைத் தடுக்கும் சுவரும் பம்புகளும் கணக்கில் சேரும்.

இந்த மனைக்கான பேச்சே நீண்ட கதை. 2016-ல் செனட்டர்ஸ் சேர்ந்த ‘ராந்தேவூ லெப்ரெட்டன்’ கூட்டணியை, கூட்டாட்சி அரசின் நிலத்தைக் கவனிக்கும் தேசியத் தலைநகர ஆணையம் முன்னிறுத்தியது. கூட்டாளிகளுக்குள் வழக்கு வந்து 2019-ல் அது உடைந்தது. 2022-ல் சிறிய துண்டு நிலத்துக்குப் புதிய புரிந்துணர்வு. அடுத்த ஆண்டு மைக்கேல் ஆண்ட்லவர் அணியை வாங்கினார். 2025 ஆகஸ்டில் 11 ஏக்கருக்கு 3.72 கோடி கனடிய டாலர் என்று விலை முடிந்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய 34 லட்சம் டாலர். ஏற்கெனவே கையில் இருக்கும் கனாட்டா வயல்வெளியோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். நகர நடு என்று பார்த்தால் நியாயம்.

ஏக்கரைக் கூட்டியது புத்திசாலித்தனம். பனித்தளமும் இருக்கைக் கிண்ணமும் மட்டும் சில ஏக்கரில் அடங்கும். ஒரு பெரிய இசைக்கச்சேரிக்கு வரும் நீண்ட லாரிகள் வரிசையாகப் பின்வாங்கி நிற்க முற்றம், ஒளிபரப்பு வண்டிகளுக்கு இடம், குளிரூட்டும் இயந்திர அறை, பாதுகாப்புச் சோதனை வரிசை தெருவில் வழியாமல் நிற்க வாசல்வெளி என்று சேர்க்கும்போதுதான் சிறிய மனை மூச்சுத் திணறும். நல்ல இடம் கிடைத்தும் கிண்ணம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டர் சாட்சி: சுற்றிலும் சுரங்க ரயில்கள், ஆனால் கூடைப்பந்துக்கு வரைந்த கிண்ணம். 2015-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் ஹாக்கி அணி அங்கே போனபோது பனித்தளம் ஒரு பக்கம் ஒதுங்கியது, ஒரு கோல் தெரியாத இருக்கைகள் மிஞ்சின. சில ஆண்டுகளில் கிளம்பி, 2021-ல் எல்மாண்டில் ஹாக்கிக்கென்று கட்டிய அரங்கத்தில் குடியேறினார்கள். கூடவே புதிய ரயில் நிலையமும் கட்டினார்கள்.

மனையே தவறானால் அணியே ஊரைவிட்டுப் போகும். அரிசோனா கயோட்டீஸ் ஹாக்கி அணியினர் 2003-ல் ஃபீனிக்ஸுக்கு மேற்கே கிளெண்டேலில் அரங்கம் திறந்தார்கள்; டிக்கெட் வாங்கும் கூட்டமோ கிழக்கே ஸ்காட்ஸ்டேல் பக்கம். 2023 மே மாதம் டெம்பியில் பழைய குப்பைமேட்டின் மீது புதிய அரங்கம் கட்டலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டு, தோற்றார்கள். அடுத்த ஆண்டே அணி யூட்டாவுக்குப் போய்விட்டது.

லெப்ரெட்டனின் பெரிய பலம் பிமிசி ரயில் நிலையம், அதற்கடுத்து இரண்டு தடங்கள் சந்திக்கும் பேவியூ. முதல் தடம் 2019-ல் திறந்தபோது மணிக்கு ஒரு திசையில் 10,700 பேர் என்ற திறனுக்கு வடிவமைத்தார்கள். 18,500 பேரில் பாதி ரயிலேறினால் கிழக்கும் மேற்கும் பிரிந்து ஒரு மணி நேரத்துக்குள் தீரும் என்று காகிதம் சொல்கிறது. அந்த எண் அலுவலக நேர இடைவெளியில் ஓடும் ரயிலுக்கானது. இரவு பத்து மணி இடைவெளிக்கு அல்ல. பேவியூவில் மாறும் இரண்டாம் தடத்தில் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம், 12 நிமிடத்துக்கு ஒன்றுதான். முதல் தடம் 2021-ல் இருமுறை தடம்புரண்டு வாரக்கணக்கில் நின்றதும் மறக்கக்கூடியதல்ல. அப்படி ஒரு நாள் ஆட்டம் இருந்தால் மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும், ஆல்பர்ட் தெருவில் எத்தனை நிற்க முடியும் என்பதைக் கட்டட வரைபடத்தோடே தீர்க்க வேண்டும்.

கார் நிறுத்த இடம் குறைவு என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அதை நாங்கள் குறையாக எடுக்கவில்லை. மாலையில் காலியாகும் அலுவலக நிறுத்தங்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே வாசலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் முட்டுவதைவிட, ஐம்பது இடங்களில் சிதறி வெளியேறுவது வேகமானது. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் அரங்கத்தின் அடியிலேயே போதிய இடம் வேண்டும். பிப்ரவரியில் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே நடக்கச் சொல்ல முடியாது.

மனையாக லெப்ரெட்டனுக்கு 5-க்கு 4. பிடித்து வைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி மண்ணுக்கு, பாதி ரயிலுக்கு. ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் அதன்பின் சமநிலையை உடைக்கும் ஷூட்அவுட்டுக்கும் போன இரவுகளில் கடைசிக் கூட்டம் நடைமேடைக்கு வந்து சேரும்வரை கூடுதல் ரயில்கள் நிற்கும், அந்தச் செலவை இன்னார் ஏற்பார் என்று அணியும் நகராட்சியும் எழுத்தில் தரும் நாளில் அதில் பாதியைக் கொடுத்துவிடலாம்.