ஐகோர்ட்டில் ஸ்டே (வீட்டை இடிக்கத் தடை உத்தரவு) வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

டெல்லியில் நாலா (கழிவுநீர்க் கால்வாய்) ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் குடியிருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தெற்கு டெல்லியில் எங்கள் பஸ்தியில் (குடிசைப் பகுதியில்) 43 வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு 8,000 ரூபாய் என்று ஒரே ஆளிடம் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிபட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாராபுல்லா நாலாவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் மே மாதம் போட்ட உத்தரவின்படி சுமார் 370 வீடுகளை இடித்தார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மாற்று வீட்டுக்கான தகுதிப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நரேலாவில் வீடு. அது அங்கிருந்து 40 கிலோமீட்டர், கோட்டி (பங்களா) வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் எப்படி வந்து சேருவார்கள்? அன்றைக்கு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த என் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்து நம் இடம்தான் என்று எங்கள் தெரு முழுக்க அதே பேச்சு.

அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அவர் வந்தார். எங்கள் மாவட்டத்துக்காரர், ஐகோர்ட்டில் பெரிய வக்கீலிடம் இருப்பதாகச் சொன்னார். அம்மாவிடம், "அக்கா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க, 15 நாள் நோட்டீஸ் குடுக்காம புல்டோசர் உள்ள வரவே கூடாது. தீர்ப்பு குடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம பொள்ளாச்சியில வளர்ந்தவர்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் நம்பினோம். 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் கவாயும் கே.வி. விஸ்வநாதனும் கொடுத்த தீர்ப்பில் அந்த 15 நாள் நோட்டீஸ் இருக்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருக்கும் அனுமதியில்லாத கட்டடங்களுக்கும், ஒரு நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடங்களுக்கும் இது பொருந்தாது என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. நாங்கள் இருப்பது நாலா ஓரம். எங்களுக்கு உதவாத ஒரு தீர்ப்பைக் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்.

நான் நேரு பிளேஸில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன், இங்கிலீஷ் படிக்கத் தெரியும், அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, அப்படியிருந்தும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது இன்னமும் என்னை வதைக்கிறது.

ஓல்கா டெல்லிஸ் வழக்கையும் இதே மாதிரிதான் சொன்னார். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் விஷயத்தில், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய வார்த்தை, மறுக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, சட்டப்படி நடந்துகொண்டால் நடைபாதையைக் காலி செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, நிஜமாகவே எங்களுக்கு உதவக்கூடியது எது? டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் சுதாமா சிங் வழக்கிலும், 2019இல் ஷகூர் பஸ்தி இடிப்பு தொடர்பான அஜய் மாக்கன் வழக்கிலும் சொன்னது: இடிப்பதற்கு முன்னால் சர்வே எடுக்க வேண்டும், தகுதி உள்ளவர்களுக்கு மறுவாழ்வு ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாமே சர்வேயில்தான் தொடங்குகிறது. டெல்லி அரசின் 2015 கொள்கைப்படி பஸ்தி 2006 ஜனவரி 1க்கு முன்பும், உங்கள் ஜுக்கி (குடிசை வீடு) 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும், அதற்கு வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, கரண்ட் பில் மாதிரி ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் அந்த ஆள் எங்களைக் குழியில் தள்ளினார். ஆகஸ்டில் சர்வேக்காரர்கள் வந்தபோது, "யாரும் பேப்பர் குடுக்காதீங்க, கையெழுத்தும் போடாதீங்க, போட்டா நீங்களே காலி பண்ண ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், கேஸ் நிக்காது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அம்மாவிடம் 2008இலிருந்து வாக்காளர் அட்டை இருக்கிறது, ஒரு பேப்பர் குறையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டியல் வந்தபோது எங்கள் 43 வீட்டில் ஒரு பெயர்கூட இல்லை. அவர் பேச்சைக் கேட்காமல் பேப்பர் கொடுத்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா பெயர் இருந்தது.

ஸ்டே என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்ன தெரியுமா? வெறும் டைரி நம்பர் போட்ட ஒரு தாள். மனுவைத் தாக்கல் செய்ததும் கிடைப்பது டைரி நம்பர். ரிஜிஸ்ட்ரியில் (கோர்ட் அலுவலகத்தில்) குறைகளைச் சொல்லித் திருப்பினால் சரிசெய்து மறுபடி போட வேண்டும், அதற்கப்புறம்தான் ரிட் நம்பர் (வழக்கு எண்) விழும், அதற்கப்புறம்தான் நீதிபதி முன்னால் வரும். எங்கள் மனு குறையோடு திரும்பி, அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு நீதிபதியும் அதைப் பார்க்கவே இல்லை.

டெல்லி உயர் நீதிமன்ற இணையதளத்தில் கேஸ் நம்பரையோ கட்சிக்காரர் பெயரையோ போட்டால் வழக்கின் நிலையும், நீதிபதிகள் போட்ட உத்தரவும் காசில்லாமல் பார்க்கலாம். உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஸ்டே. "நோட்டீஸ் ஆகியிருக்கு", "அடுத்த வாய்தா போட்டிருக்காங்க" என்பதெல்லாம் ஸ்டே கிடையாது. இன்னொன்று, மனுதாரர் என்றால் பிரமாணப் பத்திரத்தில் உறுதிமொழி ஆணையர் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். எங்களிடம் வெற்றுத் தாளில் வாங்கிக்கொண்டு போனார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் 8,000 ரூபாய் கொடுக்கவே தேவையிருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்றத்திலேயே அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது. போன் நம்பர் 15100. இதைச் சொன்னதுகூட அம்மா வேலை செய்கிற வீட்டுக்காரம்மாதான், அதுவும் எல்லாம் முடிந்தபிறகு.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். இலவச வக்கீல் மூலமாக, விடுபட்ட பெயர்களைச் சேர்க்கச் சொல்லி 31 வீட்டுக்காரர்கள் மேல்முறையீடு போட்டிருக்கிறோம், மீதிப் பேர் பயந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கமலா பெரியம்மா மட்டும், அவர் எப்படியும் ஸ்டே வாங்கிவிடுவார் என்று இன்னமும் அந்த டைரி நம்பர் தாளை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையில் வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.