காலிக் கோட்டையும் தென்கரையும்: கொழும்பிலிருந்து ஒரு நாள் வேன் பயணம், கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி என்ற ஊரின் கோட்டைக்குள் உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடந்த அந்த இரண்டு மணி நேரத்துக்காக மட்டுமே முழுக் காசையும் கொடுத்திருப்பேன். மற்ற நிறுத்தங்களில் பாதியை முன்பதிவு செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று விவரமாக எழுதுகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

போனது நான், அம்மா, தங்கை மூன்று பேர். பிப்ரவரி மாதம். தென்மேற்குக் கரைக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம், மே பிறந்துவிட்டால் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்க ஆரம்பித்துவிடும். மூன்று பேருக்கும் சேர்த்து 110 டாலர். ஏசி வேன், ஓட்டுநர், கோட்டைக்குள் மட்டும் தனி வழிகாட்டி. சாப்பாடு நம் செலவு. காலை ஆறரைக்குச் சொன்ன நேரத்துக்கு வேன் வாசலில் நின்றது. ஓட்டுநர் முப்பது வயதுச் சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் நிதானமாக ஓட்டினான். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவனைத் தம்பி தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

போகும்போது பழைய காலி வீதியில், கடலை ஒட்டியே போனோம். வலப்பக்கம் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் தென்னை, அதற்கும் அப்பால் கடல். இதில் குறை ஒன்றும் இல்லை. குறை நிறுத்தங்களில்தான் ஆரம்பித்தது. முதலில் ஆமைப் பண்ணை. முட்டைகளை மணலில் புதைத்துக் காத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறோம் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாங்கள் போன இடத்தில் பெரிய ஆமைகளைச் சிமெண்ட் தொட்டியிலிருந்து தூக்கி, வருகிறவர்கள் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு ஆமை கால்களைக் காற்றில் துடுப்புப் போடுவதுபோல அடித்துக்கொண்டே இருந்தது. என் தங்கை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அப்புறம் ஒரு ரத்தினக் கடை, அங்கே நாற்பது நிமிடம். சந்திரகாந்தக் கல் எடுக்கும் குழியைக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய், குழியில் ஐந்து நிமிடமும் கடையில் மீதி நேரமும் நிறுத்தினார்கள். கடைக்காரருக்கும் பயண ஏற்பாட்டாளருக்கும் கமிஷன் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கோபம் வந்தது கமிஷனுக்காக இல்லை. அந்த நாற்பது நிமிடம் போனதால், வெயிலுக்கு முன்னால் சேர வேண்டிய கோட்டைக்குப் பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

நடுவில் பெராலியவில் நிறுத்தியதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் சுனாமியில் சிக்கிய இடம் அது. முதல் அலை வந்ததும் ஊர்க்காரர்களும் ரயில்தான் உறுதியாக இருக்கிறது என்று ஓடிவந்து அதில் ஏறியிருக்கிறார்கள், அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டது. இறந்தவர்கள் 1,500க்கும் மேல். எங்கள் ஊர் நாகப்பட்டினம். அதே நாளில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அம்மா வேனிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நினைவுத்தூண் முன்னால் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டுநர் அவசரப்படுத்தவும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, கோட்டைக்கு வருவோம். வாசலில் காத்திருந்த வழிகாட்டிக்கு அறுபது வயது இருக்கும், கோட்டைக்குள்ளேயே லெயின் பான் தெருவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். வீட்டில் பேசுவது தமிழ். எங்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது, ஆங்கிலத்தில்தான் சொல்வார் என்று நினைத்திருந்தோம். அவர் "வாங்க அம்மா, வெயில் ஏறுது, முதல்ல நிழலான பக்கமாப் போவோம்" என்றதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அங்கே மூத்தவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்தில் நாங்களும் நானா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அவர் சொன்ன விதம்தான் இந்தப் பயணத்தின் உயிர். ஆண்டுகளை ஒப்பிக்கவில்லை. பழைய வாசலில் நிறுத்தி, வெளிப்பக்கம் பிரிட்டிஷ் முத்திரையைக் காட்டினார், உள்ளே கூட்டிப்போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை: இரண்டு சிங்கங்கள், நடுவில் அதன் பெயர்ச் சுருக்கமான வி.ஓ.சி. எழுத்துகள், மேலே சேவல், கீழே 1669. எங்களுக்கு வ.உ.சி.யைத் தவிர வேறு வி.ஓ.சி. தெரியாதே என்று தங்கை சொன்னாள், அவர் நின்று அதற்கும் விளக்கம் சொன்னார். லத்தீனில் சேவலுக்குக் கல்லுஸ் என்று பெயராம், ஊர்ப் பெயரோடு ஒலி பொருந்தியதால் சேவல் முத்திரையில் ஏறிவிட்டது. ஒரு சுவரின் இரண்டு பக்கத்தில் இரண்டு ஆட்சி என்று அவர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

போர்த்துக்கீசியர்கள் கட்டியது தரைப்பக்கம் மட்டும்தான், கடலே காவல் என்று விட்டுவிட்டார்கள். 1640இல் பிடித்த டச்சுக்காரர்கள்தான் நாலாபுறமும் மதில் எழுப்பினார்கள். தரைப்பக்கத்துக் கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். மதிலில் ஒரு இடத்தில் காரை உதிர்ந்திருந்தது, நானா அங்கே விரலை வைத்துக் காட்டினார். கருங்கல்லுக்கு நடுவே பவளப்பாறைத் துண்டுகள், பூ மாதிரிக் கோடுகளோடு, அப்படியே தெரிகின்றன. அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருக்களுக்கு அடியில் டச்சுக்காரர்கள் போட்ட வடிகாலில் கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் வந்து கழுவிக்கொண்டு போகும்படி செய்திருக்கிறார்கள். 2004இல் வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தபோது, மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அன்று காலையில் அவர் மதில் மேல்தான் நின்றாராம். கடல் முதலில் பின்வாங்கி, அதுவரை பார்த்தே இராத பாறைகள் வெளியே தெரிந்ததைச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மணிக்கூண்டுப் பக்கத்துக் கொத்தளத்தில் நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும். முரளிதரன் 2010 ஜூலை 22 அன்று, தன் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில், 800ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான், ஓஜா அடித்ததை ஜயவர்தன பிடித்தார். டிக்கெட் வாங்காமலே மதிலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நானாவும் அவர்களில் ஒருவர். எந்த முனையிலிருந்து பந்து வீசினார் என்று கையை நீட்டிக் காட்டினார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு வலியும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். 1658இலிருந்து 1781 வரை நாகையும் இதே டச்சுக் கம்பெனியிடம்தான் இருந்தது. இன்று எங்கள் ஊரில் அவர்கள் காலத்துத் தேவாலயம் நிற்கிறது, கல்லறைகள் இருக்கின்றன, கோட்டை போய்விட்டது. காலியில் அது அப்படியே இருக்கிறது, அதிலும் ஆள் குடியிருக்கும் ஊராக இருக்கிறது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வெள்ளை வெளேரென்று தேவாலயம் போலவே தோன்றும் மீரான் பள்ளிவாசல், அதற்கு எதிரே 1939இல் கட்டிய வெளிச்சவீடு, ஒரு பௌத்த விகாரை, 1755இல் கட்டி முடித்த டச்சுத் தேவாலயம். தேவாலயத் தரையில் பாதி கல்லறைக் கற்கள். மண்டையோடு செதுக்கிய ஒரு கல்லை மிதிக்காமல் அம்மா சுற்றிப் போனார். பல வீடுகள் இப்போது விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறிவிட்டன, பழைய குடும்பங்கள் விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நானா வருத்தப்பட்டார். எனவே போகிறவர்கள் சீக்கிரம் போங்கள், போனால் அவரைப் போல அங்கேயே பிறந்தவரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க: மதில் மேல் நிழல் கிடையாது, பல இடங்களில் விளிம்பில் தடுப்புக் கம்பியும் கிடையாது, படிகள் உயரம் உயரமாக இருக்கின்றன. பதினோரு மணி வெயிலில் அம்மா இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்குப் பிறகு என்றால் சுகமாக நடக்கலாம். என் கருத்து இதுதான்: போகும்போது எக்ஸ்பிரஸ்வேயில் நேரே காலிக்குப் போய் முதலில் கோட்டையைப் பாருங்கள், கடலோர வீதியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தேன், குறித்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாடு கோட்டைக்குள் ஒரு சின்னக் கடையில். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். எனக்கு மட்டும் அம்புல் தியல். சூரை மீனைக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் பூசி வறள வறள வேகவைப்பது, இந்தத் தென்பகுதியின் சமையல். புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று பிடிக்கும். கடைசியில் எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றித் தந்தார்கள். நம் ஊரில் கூந்தல்பனை என்று சொல்லும் மரத்துப் பாகுதான் அது. அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

பிற்பகலில் கொக்கல பக்கம் கம்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள். படத்தில் எல்லோரும் பார்த்ததுதான். நாங்கள் போன நேரத்தில் மீன் பிடிப்பவர் யாரும் இல்லை, வேன் நின்றதும் நாலு பேர் ஓடிவந்து கம்பில் ஏறினார்கள், இறங்கி வந்து பணம் கேட்டார்கள். அவர்கள் பிழைப்பு அது, கொடுத்தோம். ஆனால் மீன்பிடிப்பைக் காட்டுகிறோம் என்று பயணத் திட்டத்தில் எழுதுவது சரியில்லை. பத்து நிமிடம் போதும்.

அடுத்து ஒரு மூலிகைத் தோட்டம் என்றார் ஓட்டுநர். வேண்டாம், அதற்குப் பதிலாகத் தெய்வேந்திரமுனைக்குப் போகலாமா என்று கேட்டேன். திட்டத்தில் இல்லாத இடம், காலியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டு, 15 டாலர் கூடுதலுக்குச் சம்மதித்தார்கள்.

அங்கே ஏன் போக வேண்டும் என்றால், முந்தைய நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைப் பார்த்திருந்தோம். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு என்று பொறித்தது, மேலே இரண்டு டிராகன்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாமிய வழிபாட்டுக்கு, தமிழில் தெனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கு. கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றால் தமிழ் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததை ஒரு பொறியாளர் கண்டெடுத்திருக்கிறார். அந்தத் தெனவரை நாயினாரின் ஊர்தான் தெய்வேந்திரமுனை, சிங்களத்தில் தெவிநுவர. 1344இல் வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, ஆள் உயரத் தங்கச் சிலையும் கண்களுக்குப் பெரிய மாணிக்கங்களும் உள்ள கோயில் என்று எழுதிவைத்திருக்கிறார். 1588இல் போர்த்துக்கீசியர்கள் இடித்துவிட்டார்கள். காலிக்கு வரும் தமிழர்களிடம் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா? எங்கள் பயணத் தாளில் இல்லை. நானாவிடம் கேட்டபோதுதான், கல் கிடந்த பக்கம் எது என்று கையைக் காட்டிச் சொன்னார், நீங்கள் அவசியம் தெவிநுவர போங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

போய்ச் சேரும்போது மணி ஐந்து. முதலில் முனைக்குப் போனோம். இலங்கையின் தென்கோடி, 49 மீட்டர் உயர வெள்ளை வெளிச்சவீடு, அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை கடல்தான். அப்புறம் விஷ்ணு கோயில். நீல வண்ணச் சுவர், வாசலுக்கு எதிரே பழத்தட்டு விற்கும் கடைகள். அம்மா ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பூசை செய்பவர் சிங்களத்தில் வேண்டிக்கொண்டார், அம்மா தமிழில் வேண்டிக்கொண்டார். திருப்பிக் கொடுத்த பழத்தில் பாதியை ஓட்டுநர் தம்பியிடம் கொடுத்தார், அவன் இரண்டு கையாலும் வாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டான். மாத்தறையில் எக்ஸ்பிரஸ்வே ஏறி எட்டே முக்காலுக்குக் கொழும்பு வந்துவிட்டோம். தெய்வேந்திரமுனையைப் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி இரவே கம்பெனிக்கு எழுதினேன். நீங்களும் முன்பதிவு செய்யும்போது எழுதிக் கேளுங்கள், ரத்தினக் கடையையும் ஆமைப் பண்ணையையும் எடுத்துவிட்டால் நேரம் சரியாக இருக்கும்.