பழைய ஜீப் பிக்கப்பின் முன்பட்டையைக் கழற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் வில்லிஸ் வகை மஹிந்திரா ஜீப்பைத் தொட்டி வைத்த பிக்கப்பாக இன்றும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதன் முன்பட்டைகளை, அதாவது முன் அச்சின்மேல் பாரம் தாங்கும் வில்பட்டை அடுக்குகளை, கழற்றி மாட்டப் பட்டறையில் விடப்போகிறவர்கள், எங்களுக்கு நேர்ந்ததைத் தயவுசெய்து படித்துவிட்டு விடுங்கள்.

அப்பா வாங்கிய வண்டி அது. குறுவைக்கு நாற்றுக்கட்டும், அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையும் ஏற்றி ஏற்றி முன்பட்டைகள் தொய்ந்திருந்தன. பட்டை, பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள், அதை ஏற்கும் புஷ், பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு பட்டறையில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. வெண்ணாற்றங்கரைச் சாலையில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும்வரை அடங்கவே இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், பின்னால் தொட்டியில் நடவுக்குப் போகும் பெண்கள்.

கும்பகோணத்தில் பழைய ஜீப் வேலை தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர், வண்டியைத் தூக்கி நிறுத்தி, "தம்பி, இந்தக் கொடுமையைப் பாருங்க" என்று காட்டினார். இந்த வண்டியின் யு வடிவ ஷேக்கிள்களும் அவற்றின் புஷ்களும் மரை வெட்டியவை. அவற்றில் சில எதிர்ப்பக்கமாகத் திருகி இறுக்கும் இடது மரை, மற்றவை வழக்கமான வலது மரை. இடது மரை ஷேக்கிளைத் தெரிந்துகொள்வதற்காகவே அதன் தண்டில் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். அந்த ஷேக்கிளில் வலது மரை புஷ்ஷை வலிந்து ஏற்றி, மரை அறுந்ததும் அது கழன்று வராமலிருக்க வெல்டிங் பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்புப் பெயின்டும் அடித்திருந்தார்கள். ஷேக்கிள் தாராளமாக அசைந்தால்தான் பாரம் ஏறும்போது பட்டை நீள இடம் கிடைக்கும். அசைவை அடைத்துவிட்டால் அந்த அடி முழுவதும் அடுக்கின் முதல் பட்டையின் முனையில் உள்ள கண்ணில் இறங்கி, அது என்றாவது ஒருநாள் ஓடும்போதே முறியும். தெரிந்தே செய்த இந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் சாய்வுக்காக முன்பே இருந்த ஆப்பைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னின் தலை ஏறத்தாழ 3 டிகிரி பின்சாய்ந்திருக்க வேண்டிய வண்டியில் அந்தச் சாய்வே போய்விட்டதால்தான் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. கிங்பின் மூடிக்கு அடியில் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளை அளவுக்கு மிஞ்சி அடுக்கியதில் பேரிங் இறுக்கமிழந்து, சக்கர ஆட்டமும் சேர்ந்துகொண்டது. புதியவை என்று ரசீதில் ஏறிய யு போல்ட்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்த்த எங்கள் பழைய யு போல்ட்களே.

ஆகவே கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் கையில் கேட்டு வாங்குங்கள். பட்டையை மாட்டும் முன் ஷேக்கிளை உங்கள் கையால் அசைத்துப் பாருங்கள். முன்சக்கரங்களை இணைத்துத் திருப்பும் டை ராடின் நட்டுகளில், அவை கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்களை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே விலை எழுதிய ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள்.

பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பெயின்டைச் சுரண்டி எடுத்த படங்களையும் கும்பகோணம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த விவரத்தையும் ரசீதோடு இணைத்து அங்கே கொடுத்திருக்கிறோம்.