ஜி.ஹெச். எலும்பு வார்டு: வைத்தியம் நல்லது, ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். டாக்டர்களுக்கும் ஆபரேஷனுக்கும் ஐந்துக்கு நாலரை, சிஸ்டர்களுக்கு நாலு, சாப்பாட்டுக்கு மூணு, கழிப்பறைக்கு ஒன்று, அந்த ஒன்றும் காலையில் கழுவிவிட்ட பிறகு வரும் முதல் அரை மணி நேரத்துக்குத்தான். எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். பெயர் போடவில்லை, இன்னும் செக்கப்புக்கு அங்கேதான் போய்வந்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஜி.ஹெச்.சில் இருந்தவர்களுக்கும் இதில் பாதியாவது பழகிய கதையாகத்தான் இருக்கும்.

என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. எழுபது தாண்டியவர், சர்க்கரை வேறு. தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், அதுவும் "இப்போதைக்கு" என்ற வார்த்தையோடு. அங்கிருந்து நேராக ஜி.ஹெச். வந்தோம். வந்தது நல்ல முடிவு, மறுபடி தேவைப்பட்டாலும் அங்கேதான் போவோம். ஆனால் போகிறவர்களுக்கு வாசலில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி, ஒவ்வொரு நோயாளியோடும் நடக்கத் தெம்புள்ள, படிக்கத் தெரிந்த, வேலைக்கு லீவு போட முடிந்த ஒரு சொந்தக்காரர் கூடவே வருவார் என்று நம்பித்தான் ஓடுகிறது. ரத்தம் எடுத்த டியூபை லேபுக்குக் கொண்டுபோவது, மாலையில் ரிசல்ட் சீட்டை வாங்கி வருவது, எக்ஸ்ரேக்கு டிராலி தேடுவது, ஃபார்மசியில் வரிசையில் நிற்பது, டிரிப் பாட்டில் தீரப்போகிறது என்று சிஸ்டரிடம் ஓடிச் சொல்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாமே அந்த ஆள்தான். எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாத வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு வந்தது, ஏனென்றால் பெண்கள் வார்டில் இரவில் ஆண்களைத் தங்க விடுவதில்லை. மகன் மூன்று பேர் இருந்தாலும் மருமகளோ மகளோதான் உள்ளே. அதனால் யார் எந்த நாள் என்று வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் நாள் மாட்டியவர்தான் கடைசி நாள் வரைக்கும்.

ஆள் இல்லாமல் வந்தவர்களின் கதி எப்படி என்றால், எங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. அவருக்கும் அதே சிகிச்சைதான் கிடைத்தது, அதே டாக்டர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒருநாள் தள்ளித் தள்ளி. மற்ற கட்டில்காரர்கள்தான் மாறி மாறி அவருக்குச் சேர்த்து ஓடினோம். வார்டில் இருக்கிறவர்களிடம் முதல் நாளே பேசிப் பழகிவிடுங்கள் என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை.

உள்ளே போவது பெரிய விஷயம் இல்லை. 108க்குப் போன் செய்தால் வண்டி வரும், காசு கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படி விழுந்தார், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று கேட்டு எழுதுவார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள், எரிச்சல்படாமல் மூன்று பேரிடமும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். சாலை விபத்தாக இருந்தால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். பாத்ரூமில் விழுந்தவர்களுக்கு அது இல்லை.

அட்மிஷன் போட்டதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் எந்த யூனிட் என்பது. எலும்புப் பிரிவில் பல யூனிட் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீஃப், ஒவ்வொன்றுக்கும் அட்மிஷன் நாள், ஆபரேஷன் நாள் என்று தனித்தனி. நீங்கள் வந்து சேர்ந்த நாளில் டியூட்டியில் இருந்த யூனிட்தான் கடைசி வரை உங்கள் யூனிட். இது தெரியாமல் போகிற வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் நிறுத்திக் கேட்டால் "உங்க யூனிட் டாக்டரைக் கேளுங்கம்மா" என்றுதான் பதில் வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலை ரவுண்ட்ஸில் சீஃப் வரும்போது கேள்வி கேட்க முயற்சி செய்யாதீர்கள், அவர் கட்டிலுக்குக் கட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார். அவர் பின்னால் நோட்டோடு வரும் பி.ஜி. டாக்டர் (மேல்படிப்பு படிக்கும் டாக்டர்) மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வார்டுக்குத் தனியாக வருவார். அவர்தான் உங்கள் ஆள். எல்லாக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரே தடவையில் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். பயிற்சி டாக்டர் பிள்ளைகள் பாவம், தூங்கி எத்தனை நேரம் ஆனதோ தெரியாது, ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை என்றால் அவர்கள் மேல் பாயாதீர்கள்.

ஆபரேஷன் எப்போது? இதுதான் எல்லோரும் கோபப்படும் இடம். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் சீக்கிரம் செய்துவிடுவதுதான் நல்லது. படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். ஆனால் சர்க்கரை இறங்க வேண்டும், இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ பார்க்க வேண்டும், பிறகு மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைத் தாங்குவார் என்று ஃபிட்னஸ் கொடுக்க வேண்டும், பிறகுதான் லிஸ்டில் பெயர். லிஸ்டில் பெயர் வந்து, ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து, அவசர கேஸ் ஒன்று உள்ளே போய்விட்டதால் மதியம் "இன்னைக்கு இல்ல, சாப்பாடு குடுங்க" என்று சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. கத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் எக்கோ எடுக்க அவர்களே கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் அதற்கே நாள் போய்விடும், இது கத்தாமலே சரி செய்யக்கூடிய தாமதம். எந்தச் சீட்டு எந்த அறையில் கிடக்கிறது என்று தினமும் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் கார்டு விஷயம் முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009இல் வேறு பெயரில் ஆரம்பித்து 2012இல் இந்தப் பெயருக்கு வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அரசு ஆஸ்பத்திரியில் எப்படியும் இலவசம்தானே, கார்டு எதற்கு என்று நினைப்பீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்தத் திட்டத்திலிருந்து பணம் வருகிறது, உள்ளே வைக்கும் பிளேட், ராடு, செயற்கை மூட்டு எல்லாம் அந்தக் கணக்கில் வாங்குகிறார்கள், அதனால்தான் கார்டு எங்கே கார்டு எங்கே என்று கேட்கிறார்கள். கார்டு இல்லை என்று யாரையும் வெளியே அனுப்பியதை நான் பார்க்கவில்லை. ஆனால் கார்டு இருந்தவர்களுக்கு வேலை வேகமாக நடந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யாரும் விழுவதற்கு முன்பே வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் போய் எடுத்து வைத்துவிடுங்கள். பல பேர் கார்டை எங்கோ வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு பீரோவைத் துழாவச் சொல்கிறார்கள். ஜெராக்ஸ் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள், எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஆஸ்பத்திரியை நம்பித்தான் வீடு கட்டியிருப்பார்.

இனி கசப்பான பகுதி. டிராலி தள்ளுகிறவர் நூறு ரூபாய் கேட்டார். எக்ஸ்ரேக்குப் போக நூறு, திரும்ப வர நூறு. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் "பாட்டி நல்லா இருக்காங்க" என்று சொன்னதற்கு ஒரு இருநூறு எதிர்பார்த்தார்கள். இவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள், சம்பளம் குறைவு, தெரியும். ஆனாலும் வலியில் கத்திக்கொண்டிருக்கும் கிழவியை டிராலியில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதற்கு அது காரணம் இல்லை. இலவச ஆஸ்பத்திரிக்கு வருகிறவனிடம் அந்த நூறு பெரிய காசு. நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. வார்டு சிஸ்டர் இன்சார்ஜிடம் சொல்லுங்கள், அதிலும் நடக்கவில்லை என்றால் ஆர்.எம்.ஓ. அறைக்குப் போங்கள், நிலைய மருத்துவ அலுவலர் என்று பலகை இருக்கும். 104க்கும் (அரசின் மருத்துவ உதவி எண்) போன் செய்யலாம். நான் ஆர்.எம்.ஓ. அறைக்குப் போய் வந்த பிறகு எங்கள் கட்டிலுக்கு டிராலி சும்மா வந்தது, முகம் மட்டும் கொஞ்சம் உம்மென்று.

சாப்பாடு நோயாளிக்கு உண்டு, பால், ரொட்டி, முட்டை, சாதம் என்று. சர்க்கரைக்காரர்களுக்கு எது ஆகாது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட இருப்பவருக்குக் கிடையாது. வளாகத்தில் அம்மா உணவகம் இருந்தால் அதுதான் கதி. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். நான் அதைத்தான் சாப்பிட்டேன், வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, வெளியே இருக்கும் ஓட்டல் சாப்பாடுதான் செய்தது.

கொண்டுபோக வேண்டியவை: பாய், இரண்டு போர்வை, வாளி, மக்கு, ஃபிளாஸ்க், பழைய காட்டன் புடவை நாலைந்து (கிழித்துக்கொள்ள), நீளமான ஒயர் உள்ள சார்ஜர். பிளக் பாயின்ட்டுக்கு வார்டில் நடக்கும் சண்டை தனி. செல்போனையும் பர்ஸையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தூங்குங்கள், தலையணை அடியில் வைத்த ஒரு அம்மாவின் போன் விடிவதற்குள் போய்விட்டது. நகை வேண்டவே வேண்டாம், தாலிச் செயின் உட்பட. கழிப்பறைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். படுக்கைப் புண்ணுக்குத் தண்ணீர் மெத்தையோ காற்று மெத்தையோ உண்டா என்று சிஸ்டரைக் கேளுங்கள், கேட்டால்தான் வரும்.

பார்க்க வருகிறவர்களுக்கு. எங்கள் வார்டில் மாலை 4 முதல் 6 வரை. பாஸ் இல்லாமல் மற்ற நேரத்தில் விடமாட்டார்கள். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு டாக்டரைக் கத்தியால் குத்திய பிறகு கெடுபிடி கூடிவிட்டது, வாசலில் செக்யூரிட்டியிடம் "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள், இழுவைக் கட்டு போட்ட காலை அசைத்துவிடுவீர்கள். சர்க்கரைக்காரருக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்து குவிக்காதீர்கள். எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பழக்கடையே இருந்தது. "எங்க சித்தியும் இப்படித்தான் விழுந்தாங்க, அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்று நோயாளி காதுபடச் சொன்ன ஒரு சொந்தக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நிஜமாகவே உதவ நினைத்தால், கூட இருப்பவரை "போய்க் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். கையில் ஐநூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போகிற நம் வழக்கமும் நல்ல வழக்கம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னால் வீட்டுக்குப் போக மாலையாகும், ஆட்டோவை முன்பே வரச் சொல்லி வெயிட்டிங் காசு கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, எந்தப் பக்கத்துக் கால் என்பதை அங்கேயே படித்துப் பாருங்கள், எங்களுக்கு வயது தப்பாக இருந்தது, திருத்த இன்னொரு ஒரு மணி நேரம். தையல் பிரிக்க எந்தக் கிழமை வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் யூனிட்டின் ஓ.பி. நாளில் வந்தால்தான் அதே டாக்டர் இருப்பார். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சை தருகிறவரும் வீட்டுக்கு வருவார். அத்தையை வாக்கர் பிடித்து நடக்க வைத்தது அப்படி வந்த ஒரு பெண்தான். இப்போது பாத்ரூம் வரை தனியாகப் போகிறார், போகும்போது யாராவது கூட வந்தால் திட்டுகிறார்.